ஓர் இசைத்தட்டும் அதன் ரசிகர்களும்

ரசிகர்களில் ஒரு வகை உண்டு. தான் ரசித்ததைப் பிறரும் ரசித்தே தீரவேண்டும் என்று அவர்களுக்குப் பிடிவாதம். நல்ல நாவல் ஒன்றைப் படித்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். நீங்கள் முதல் அத்தியாயத்தை முடிப்பதற்குள், "எப்படி?" என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பார்வையின் கீழ்க் கம்பனே வந்தாலும் சோபிக்க மாட்டான்.

என் தங்கை பிள்ளை அந்த வகையைச் சேர்ந்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த சமயம் பார்த்து, காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனோடு வந்து நின்றான்.

"மாமா, நாற்பது நிமிஷந்தான். நடுவில் எழுந்து போகக் கூடாது. அபிப்பிராயமும் சொல்லக் கூடாது."

"யார் பாடினது?"

"நியூட்ரல் மில்க் ஹோட்டல்."

"பால் ஹோட்டலா? காப்பி கிடைக்குமா?"

அவன் சிரிக்கவில்லை. தன் தெய்வத்தின் சந்நிதியில் நிற்கும் ரசிகனுக்கு ஹாஸ்ய உணர்ச்சி வேலை செய்வதில்லை. பேசாமல் மாட்டிக்கொண்டேன்.

முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பாடுகிறவருக்குக் குரல் என்று தனியாக ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. மூக்கும் தொண்டையும் சேர்ந்து ஒரு கத்தல். எட்டாத ஸ்தாயிக்கு எம்பி எம்பிப் போகிறார். எட்டாவிட்டாலும் அங்கேயே நின்று கத்துகிறார். கிடாரை மீட்டுகிறார் என்று சொல்வதைவிட அடிக்கிறார் என்று சொல்லலாம். ஒலிப்பதிவும் வேண்டுமென்றே கரகரவென்று, பழுதான ரேடியோவில் கேட்பது போல் இருக்கிறது. நடுநடுவே மரம் அறுக்கும் ரம்பத்தை வில்லால் இழைத்து யாரோ அழ வைக்கிறார்கள். உவமை என்று எண்ண வேண்டாம், நிஜமாகவே ரம்பந்தான். அந்த நாட்டில் அதையும் ஒரு வாத்தியமாக வைத்திருக்கிறார்கள்.

நாற்பது நிமிஷம் முடிந்தது. பிள்ளை என் முகத்தைப் பார்த்தான். நான், "இவர் இதற்கப்புறம் என்ன செய்தார்?" என்று கேட்டேன். ஒன்றும் சொல்லத் தோன்றாதபோது கேட்கிற கேள்வி அது.

"ஒன்றும் செய்யவில்லை. இதுதான் கடைசி. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இது துரோகம் மாமா. இப்படி ஒன்றைச் செய்துவிட்டு, அப்புறம் சும்மா இருக்க அவருக்கு என்ன உரிமை?"

துரோகம் என்ற வார்த்தைதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கடன் வாங்கினவன் ஓடிப்போனால் துரோகம் என்று சொல்லலாம். பாட்டுப் பாடியவன் வாயை மூடிக்கொண்டால்? அந்த வார்த்தைக்காகத்தான் இசைத்தட்டை மறுபடியும் மறுபடியும் கேட்டேன். அதைப்பற்றி எழுதியிருப்பவற்றையும் தேடிப் படித்தேன். இந்தக் கட்டுரையும் அந்த வார்த்தையால் வந்ததே.

இசைத்தட்டின் பெயர் 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி ஸீ'. கடலின்மேல் பறக்கும் ஆகாய விமானத்தில் என்று பொருள். 1998-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் வெளியாயிற்று. வெளியிட்டது மெர்ஜ் என்ற சிறிய கம்பெனி. வட கரோலினாவில் சாப்பல் ஹில் என்ற ஊரில், தாங்களும் ஒரு ராக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் 1989-இல் ஆரம்பித்தது அது. பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் இப்படித் தங்கள் கையே தங்களுக்கு உதவி என்று செய்துகொள்ளும் சங்கீதத்துக்குத்தான் 'இண்டி ராக்' என்று பெயர் வந்தது. நம்முடைய சிறு பத்திரிகைகளை நினைத்துக்கொண்டால் சுலபமாக விளங்கிவிடும். சந்தாதாரர் குறைவு, ரோஷம் அதிகம்.

குழு என்று சொன்னாலும் அது ஒரே மனிதருடைய மனசுதான். ஜெஃப் மாங்கம், 1970-இல் பிறந்தவர், லூயிஸியானா மாகாணத்தில் ரஸ்டன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். அந்த ஊரில் அவருக்கு ராபர்ட் ஷ்னைடர், பில் டாஸ், வில் கல்லன் ஹார்ட் என்று மூன்று சிநேகிதர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளாயிருந்தபோதே வீட்டு டேப் ரிக்கார்டரில் பாட்டுகளைப் பதிவு செய்து, கேஸட்டை ஒருவருக்கொருவர் கொடுத்துக் கேட்கச் சொல்வார்களாம். பிற்பாடு 'எலிஃபண்ட் 6' என்று இதற்குப் பெயர் வைத்து, கம்பெனி என்றும் சொல்லிக்கொண்டார்கள். என்ன கம்பெனி! நாலு சிநேகிதர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்பதற்கான ஏற்பாடு. பாடுகிறவனும் கேட்கிறவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த கஷ்டமெல்லாம் அந்தத் திண்ணை பெரிதாகிப் போனதால் வந்தது.

1997-ஆம் வருஷக் கோடையில் டென்வர் நகரில், ஷ்னைடருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில், இந்த இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். (ஷ்னைடர் பின்னாளில் கணித சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ராக் சங்கீதக்காரர்கள் எல்லோரும் கெட்டுப்போகிறார்கள் என்று நினைக்கிற பெற்றோர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.) ஜூலியன் காஸ்டர் ரம்பம், ஸ்காட் ஸ்பிலேன் ஊதுவாத்தியங்கள், ஜெரிமி பார்ன்ஸ் டிரம். மற்றப்படி அக்கார்டியன், பான்ஜோ, அயர்லாந்து தேசத்துத் துருத்தி வாத்தியம் என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் சேர்ந்திருக்கிறது.

இசைத்தட்டில் 'ஓ கம்லி' என்று எட்டு நிமிஷப் பாட்டு ஒன்று உண்டு. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சும்மா ஆரம்பித்தவர், நிறுத்தாமல் முழுவதையும் பாடி முடித்துவிட்டார் என்கிறார்கள். பிறகு கொஞ்சம் ஊதுவாத்தியங்களைச் சேர்த்தார்களே தவிர, பாட்டை மறுபடி பாடச் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் அறையின் ஒரு மூலையிலிருந்து ஒருவர் தம்மை மறந்து கூவுவது கேட்கும். நாலு பேர் நடுவில் சொல்லத்தகாத வார்த்தைதான். ஆனால் கச்சேரியில் முன்வரிசைக்காரர் 'ஆஹா!' என்கிறாரே, அதே கூவல். அதை அழித்திருக்கலாம், அழிக்கவில்லை. ஆகவே இந்த இசைத்தட்டுக்கு முதல் ரசிகர் இசைத்தட்டுக்குள்ளேயே இருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த லட்சக்கணக்கான பேரும் அந்த ஒரு கூவலைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கூவிக்கொண்டிருக்கிறார்கள்.

இனிப் பாட்டுகளின் விஷயத்துக்கு வருகிறேன். சண்டையிடும் பெற்றோரின் வீட்டில் இரண்டு குழந்தைகள் தங்களுக்கென்று ஒரு ரகசிய உலகம் அமைத்துக்கொள்வதில் ஆரம்பம். அடுத்தாற்போல் ஏசுநாதரிடம் அன்பைச் சொல்லும் ஒரு நீண்ட முறையீடு. கேட்டவர்கள் கேலியென்று நினைத்துக்கொள்வார்களோ என்று, மனசாரச் சொன்னதுதான் என்று இசைத்தட்டோடு வந்த குறிப்பில் அவரே எழுதி வைத்தார். அப்புறம் இரண்டு தலைப் பையன் ஒருவன், பிசாசுகள், தண்ணீர், நெருப்பு. உடம்பைப் பற்றிய சொற்களும் கூச்சமில்லாமல் வருகின்றன. இவற்றின் ஊடே வந்து வந்து போகிறாள், 1945-இல் செத்துப்போன ஒரு சிறுமி.

அவள் ஆன் ஃபிராங்க். 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்டு வரையில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் குடும்பத்தோடு ஒளிந்திருந்து, நாஜிகளால் பிடிபட்டு, பெர்கன்-பெல்ஸன் முகாமில் பதினைந்தாவது வயதில் மாண்டவள். அவளுடைய டயரியை 1947-இல் தகப்பனார் அச்சிட்டார். படித்த ஜனங்கள் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்த கதை. மாங்கம் அதை வளர்ந்து பெரியவரான பிறகுதான் ஒரு புத்தகக் கடையில் பார்த்து வாங்கினாராம். படித்துவிட்டு நாட்கணக்கில் அழுதாராம். காலத்தில் பின்னால் போய் அவளைக் காப்பாற்றுவதாகக் கனவு கண்டாராம். ஒரு பத்திரிகைப் பேட்டியில் இதைச் சொல்லிவிட்டு, இப்படிச் சொல்வது வெட்கக்கேடாக இருக்கிறதா என்று பேட்டி காண வந்தவரையே கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. பாட்டும் புரியத் தொடங்கிற்று. இந்த இசைத்தட்டே ஒரு வாசகனுடைய கடிதம். புத்தகம் ஒன்றைப் படித்து நிலை தடுமாறிப்போன ஒருவன், எழுதியவளுக்குச் சொல்லியாக வேண்டும் என்று துடிக்கிறான். விலாசம் இல்லை. ஐம்பது வருஷம் தாமதம். என் தங்கை பிள்ளைக்கு மாங்கம் எப்படியோ, மாங்கத்துக்கு ஆன் ஃபிராங்க் அப்படி. குரல் ஏன் எட்டாத ஸ்தாயிக்கு எம்புகிறது, எட்டாவிட்டாலும் ஏன் இறங்க மறுக்கிறது என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. நல்ல சாரீரம் உள்ள ஒருவர் இதே பாட்டுகளைச் சுத்தமாகப் பாடினால் கேட்க முடியாது என்றே நினைக்கிறேன். எட்டவில்லை என்பதுதான் பாட்டின் பொருள்.

'ஹாலந்து, 1945' என்ற பாட்டைப்பற்றி ஒரு வார்த்தை. துக்கப் பாட்டு என்றால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? மெதுவாக, இழைந்து இழைந்து. இதுவோ டிரம்மும் ஊதுவாத்தியங்களும் சேர்ந்துகொண்டு தலைதெறிக்க ஓடுகிறது. கல்யாண ஊர்வலத்துப் பாண்டு வாத்தியம் வழி தவறி இழவு வீட்டுக்குள் புகுந்துவிட்ட மாதிரி. புகுந்த பிறகு நிறுத்தத் தெரியாமல், நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்து, இன்னும் வேகமாக வாசிக்கிற மாதிரி. நான் கேட்ட அந்நிய தேசத்துப் பாட்டுகளில் இதற்கு இணையானது அதிகம் இல்லை. தலைப்புப் பாட்டோ, கிடார் கற்கும் பையன் முதல் மாதத்தில் பழகுகிற நாலு 'கார்டு'களைத் தாண்டவேயில்லை. அந்த நாலையே சுற்றிச் சுற்றி வந்து, சாவைப்பற்றியும் உயிரோடிருப்பதன் ஆச்சரியத்தைப்பற்றியும் ஒரு குழந்தை கேட்கிற தினுசில் கேட்கிறது.

குறைகள் இல்லையா என்றால், உண்டு. இரண்டு மூன்று இடங்களில் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகின்றன. முதல் படிமம் மனசில் உட்காருவதற்குள் இரண்டாவது வந்து அதைத் தள்ளிவிடுகிறது. ரசிகர்கள் இங்கேதான் கையில் பென்சிலை எடுத்துக்கொண்டு வரி வரியாக உரை எழுதுகிறார்கள். எழுதட்டும்; ஆனால் உரை தேவைப்படுவதெல்லாம் ஆழம் என்று அர்த்தமாகாது.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குள்ள பெரிய குறை வேறு. ஆன் ஃபிராங்க் ஓர் எழுத்தாளி. 1944 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த டச்சு ரேடியோவில், யுத்த காலத்து டயரிகளையும் கடிதங்களையும் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஒரு மந்திரி பேசியதைக் கேட்டு, தன் டயரியைப் புத்தகமாக்க வேண்டும் என்று உட்கார்ந்து திருத்தி எழுதினாள். வாக்கியங்களை வெட்டினாள், மாற்றினாள். கூட இருந்தவர்களின் அசட்டுத்தனங்களைக் கிண்டல் செய்தாள். அம்மாவோடு சண்டை போட்டாள். பெயர் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். கொஞ்சம் வாயாடி, வெகு கெட்டிக்காரி. இந்த இசைத்தட்டில் அந்தக் கெட்டிக்காரி இல்லை. வெண்ணிறமான ஓர் ஆவி இருக்கிறது. தான் நேசித்த ஆசிரியையை மாங்கம் பிசாசாக்கிவிட்டார். வேண்டுமென்று செய்ததல்ல; அளவுக்கு மிஞ்சிய அன்பு எதையும் அப்படித்தான் ஆக்குகிறது. எதிரில் இருக்கும் மனிதரின் மூக்கு, முழி, முன்கோபம் எல்லாம் மறைந்து, நம்முடைய ஏக்கம் மாத்திரம் உருவெடுத்து நிற்கிறது.

விசித்திரம் என்னவென்றால், அடுத்த பத்து வருஷத்தில் அவருடைய ரசிகர்கள் அவருக்கும் அதையே செய்தார்கள்.

1998-இல் இசைத்தட்டு வெளிவந்தபோது வானம் இடிந்து விழவில்லை. அந்தச் சின்ன உலகத்தில் நல்ல பெயர் கிடைத்தது, ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள், அவ்வளவுதான். அந்த வருஷத்தோடு குழு வாசிப்பதை நிறுத்திவிட்டது. பிரிந்துவிட்டோம் என்ற அறிவிப்பு இல்லை, சண்டை இல்லை. மாங்கம் அடுத்த பாட்டைக் கொடுக்கவில்லை. பேட்டிகளும் நின்றுபோயின. ஆனால் இசைத்தட்டு நிற்கவில்லை. கேட்டவன் சிநேகிதனுக்குக் கொடுத்தான். சிநேகிதன் தங்கைக்குக் கொடுத்தான். விளம்பரம் செய்து பரவியதல்ல, ஊர்வம்பு பரவுகிற விதமாகப் பரவியது. 2005-இல் கிம் கூப்பர் என்ற அம்மாள் இந்த ஓர் இசைத்தட்டைப்பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 2008-ஆம் வருஷம் அமெரிக்காவில் விற்பனையான பழைய மோஸ்தர்க் கறுப்பு இசைத்தட்டுகளின் ஜாபிதாவில், பத்து வயதான இது ஆறாவது இடத்தில் இருந்தது. அதே ஜாபிதாவில் பீட்டில்ஸும் உண்டு.

பிட்ச்ஃபோர்க் என்ற சங்கீத விமர்சனப் பத்திரிகை பத்துக்கு இத்தனை என்று பள்ளிக்கூட வாத்தியார் போல் மார்க்குப் போடும். 1998-இல் அது இந்த இசைத்தட்டுக்குப் போட்டது 8.7. 2005-இல், இங்கிலாந்தில் மறுபடி வெளியிட்டபோது, வேறொரு விமர்சகரைக்கொண்டு போட்டது 10. இடையில் இசைத்தட்டில் ஒரு ஸ்வரம் மாறவில்லை. கூடுதலாகக் கிடைத்த 1.3 யாருக்கு? ஏழு வருஷ மௌனத்துக்குச் சேர்ந்த வட்டி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தொடர்ந்து எழுதுகிறவனுக்கு இந்த வட்டி கிடைப்பதில்லை. அவனுடைய ஆறாவது புத்தகம் இரண்டாவது புத்தகத்தின் மார்க்கைக் குறைத்துவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு என்று வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டால் மறுக்க மாட்டேன்.

உத்ஸாகத்தில் எவ்வளவு பங்கு பாட்டுக்கு, எவ்வளவு பங்கு காணாமல் போன கதைக்கு என்று பிரித்துப் பார்ப்பது விமர்சகனுடைய கடமை. பிரிக்கவே முடியாது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கதை ஒன்றும் தெரியாமலே முதல் தடவை கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டவர்கள் ஏராளம். அந்த அறையில் கூவிய சிநேகிதருக்கு எந்தக் கதை தெரியும்? ஆகவே ஆதாரமான பங்கு பாட்டினுடையது, கலப்படமில்லாதது. மேலே பூசினது கதை. பூச்சு கனமாகிப்போன பிறகு கேலியும் வந்து சேர்ந்தது. இந்த இசைத்தட்டை வைத்திருப்பது ஒரு தினுசு வாலிபர்களின் அடையாளம் என்று பரிகாசம் செய்தார்கள். பரிகாசம் செய்தவர்களும் பாட்டைக் கேட்கவில்லை, பூச்சைத்தான் சுரண்டினார்கள்.

மாங்கம் ஏன் நிறுத்தினார்? 2002-இல் மனசு திறந்து பேசிய பேட்டி ஒன்றில் அவர் சொன்னதன் சாரம் இது: சிநேகிதர்கள் எல்லோரும் அவரவர் கனவைச் சிருஷ்டித்துக்கொண்டால் அதற்கப்புறம் எல்லாம் சுகமாகிவிடும் என்று அவர் நம்பியிருந்தார். கனவுகள் பலித்தன. சிநேகிதர்களுடைய வேதனை போகவில்லை. பாடியே துன்பத்திலிருந்து வெளியே வந்துவிட முடியாது என்று தெரிந்துவிட்டது. இதில் மர்மம் எங்கே இருக்கிறது? எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்கு நாற்பது வயதில் ஏற்படுகிற ஞானம் இவருக்கு முப்பதுக்குள் ஏற்பட்டுவிட்டது. நாம் ஞானம் வந்த பிறகும் பழக்கத்தினால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சும்மாவும் இருக்கவில்லை. 2000-ஆம் வருஷம் பல்கேரியா தேசத்தில் கோப்ரிவ்ஷ்டிட்ஸா என்ற மலையூரில் நடந்த நாட்டுப்பாடல் திருவிழாவுக்கு டேப் ரிக்கார்டரோடு போய், கிராமத்து ஜனங்கள் பாடுவதையும் வாசிப்பதையும் பதிவு செய்து வந்தார். மறு வருஷம் அது இசைத்தட்டாக வந்தது. அதில் அவர் குரல் இல்லை. பாடகராக இருந்தவர் கூட்டத்தில் ஒருவராகப் போய் நின்றுகொண்டு கேட்கிறார். அடுத்த இசைத்தட்டு எங்கே என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்களே, என் கட்சியில் இதுதான் அடுத்த இசைத்தட்டு. யாரும் அதை லட்சியம் செய்யவில்லை.

2003-இல் அட்லாண்டா நகரத்துப் பத்திரிகை ஒன்று அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது என்று கிளம்பிற்று. கட்டுரையாளர் அவருடைய உறவினர்கள், சிநேகிதர்கள் என்று ஒவ்வொருவராகப் போய் விசாரித்தார். கடைசியில் மாங்கத்திடமிருந்தே ஒரு குறிப்பு வந்தது. தாம் ஒரு கருத்து அல்ல, ஒரு மனிதன், தனியாக இருக்க விரும்புகிற மனிதன் என்று. பிசாசாக்கப்பட்டவர், 'எனக்குக் கால் இருக்கிறது, பாருங்கள்' என்று சொன்ன மாதிரி.

இங்கே நான் ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வயதில் நான் கொண்டாடிய எழுத்தாளர் ஒருவர் இருந்தார். ஒரே நாவல், அதற்கப்புறம் எழுதவில்லை. பெயர் வேண்டாம். அவருக்கு மூன்று கடிதங்கள் போட்டேன். முதலாவதில் புகழ்ந்தேன். இரண்டாவதில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். மூன்றாவதில், வாசகர்களுக்கு நீங்கள் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று இடித்துரைத்தேன். 'துரோகம்' என்ற வார்த்தையை நானும் எழுதியிருக்கத்தான் வேண்டும். நகல் இல்லை, நல்லவேளை. பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. "சௌக்கியம். எழுதவில்லை. வீட்டில் உடம்பு சரியில்லை. தாங்கள் சௌக்கியமா?" அவ்வளவுதான். அந்தக் கார்டைப் படித்து ஏமாற்றம் அடைந்தேன். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு ஒரு வரி போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த அம்மாள் ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தாள் என்று.

ஆகையால் தங்கை பிள்ளையைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ரசிகனுடைய உத்ஸாகம் இல்லாமல் இந்த இசைத்தட்டு ஒரு கடையின் அடித்தட்டில் தூசி படிந்திருக்கும். கைமாற்றிக் கைமாற்றி அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். அந்த உபகாரத்துக்குக் கூலி கேட்கும்போதுதான் தப்பு வருகிறது. 'நான் உன்னைக் கொண்டாடினேன், ஆகவே நீ எனக்கு இன்னொன்று தா' என்கிற கணக்கை, கொண்டாடப்பட்டவர் எந்தப் புஸ்தகத்திலும் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டதில்லை. ஆன் ஃபிராங்கிடம் மாங்கம் இன்னொரு டயரி கேட்கவில்லை, கேட்க முடியாது. அதனால்தான் அவருடைய கடிதம் பாட்டாயிற்று. கேட்கக் கூடிய இடத்தில் இருந்திருந்தால் அவரும் மூன்றாவது கடிதம் எழுதியிருப்பாரோ என்னவோ!

பிற்பாடு மாங்கம் திரும்பி வந்தார். 2010-இல் நோயுற்ற ஒரு சக சங்கீதக்காரருக்காக நியூயார்க்கில் நடந்த உதவிக் கச்சேரியில் சில பாட்டுகள் பாடினார். 2011 அக்டோபரில் வால் தெருவை எதிர்த்துப் பூங்காவில் கூடாரம் அடித்திருந்த ஜனங்களிடையே போய் ஒரு கிடாரை வைத்துக்கொண்டு பாடினார். 2013-லிருந்து 2015 வரையில் பழைய குழு முழுவதுமாகச் சேர்ந்து ஊர் ஊராக வாசித்தது. போட்டோ எடுக்க வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம் என்று கச்சேரி நடந்த இடங்களில் எழுதி வைத்திருந்தார்கள். புதுப் பாட்டு ஒன்றும் இல்லை. வந்தவர்கள் எல்லாப் பாட்டையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் கூடவே பாடினார்கள்; பாடுகிறவர் குரலைக் கூட்டத்தின் குரல் மூழ்கடித்துவிடும் அளவுக்கு. நம் ஊர்க் கச்சேரி ரசிகர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் தனக்குத் தனியாக, ராத்திரியில், கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட பாட்டு, பக்கத்தில் நிற்கும் ஆயிரம் பேருக்கும் அப்படியே மனப்பாடம் என்று தெரிகிற நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். போயிருந்தால் நானும் கத்தியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. 2015-க்குப் பிறகு புது இசைத்தட்டு வரவில்லை. 2023-இல் பழைய பதிவுகளையெல்லாம் ஒரு பெட்டியில் சேர்த்து மெர்ஜ் கம்பெனி வெளியிட்டது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. பாட்டின் வார்த்தைகளை முன்கூட்டிப் படிக்க வேண்டாம். இந்தக் கட்டுரையையும் மறந்துவிடுவது நல்லது. இரண்டு தடவை பிடிக்காமல் போனால் பரவாயில்லை, மூன்றாவது தடவை 'ஓ கம்லி'யிலிருந்து ஆரம்பியுங்கள்.

கடைசிப் பாட்டு முடிகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். குரல் நிற்கிறது. கிடாரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கிறது. பிறகு எழுந்து நடந்து போகும் காலடிச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. தாம் போகப் போவதை அவர் அப்போதே சொல்லிவிட்டார் என்று ரசிகர்கள் அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டு உருகுகிறார்கள். தங்கை பிள்ளையும் அந்த இடம் வந்தபோது கையை உயர்த்தி என்னைப் பேசாமலிருக்கச் சொன்னான்.

எனக்கு என்னவோ, 1997-ஆம் வருஷக் கோடையில், தொண்டை காய்ந்துபோன ஒரு மனிதர் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார் என்றுதான் கேட்கிறது.